அட்டையைச் சுருட்டிய பிறகும்

பள்ளி மருத்துவப் பரிசோதனை விதி தெளிவாகவே இருந்தது: குழந்தையின் பார்வையை, மற்றப் பிள்ளைகள் கேட்காத இடத்தில், தனியே, ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க வேண்டும். இன்று காலை செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஓர் இலவசக் கண் முகாமைக் கடந்தேன். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் விதி வரி மாறாமல் நினைவுக்கு வந்தது. விதிகளை மனப்பாடம் செய்தவனுக்கு ஓய்வுக்காலத்தில் வேறென்ன மிஞ்சும், சொல்லுங்கள்.

தாராவியில் நான் வாத்தியாராக இருந்த தமிழ்ப் பள்ளிக்கு வருடம் ஒருமுறை டாக்டர் வருவார். டீ குடிக்க வந்த இடத்தில் வைத்தியமும் பார்ப்பார். எழுத்து அட்டையைக் கரும்பலகையில் மாட்டி, மூன்றாம் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்துவார். எங்கள் பிள்ளைகளோ முன்னால் நிற்பவன் எதைச் சொன்னாலும் வாய்ப்பாடு போலப் பின்னால் முணுமுணுக்கிறவர்கள். நாங்கள் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

முத்துச்செல்வி கடைசியில் நின்றாள். முன்பெஞ்சில் உட்காரவைத்தும் பலகையில் ஓர் எழுத்தும் தெரியாதவள். அட்டையைக் கணீரென்று ஒப்பித்தாள். நர்ஸ் அதைக் கழற்றிச் சுருட்டிய பிறகும் கடைசி வரியைப் படித்து முடித்தாள். டாக்டர் தலை நிமிராமல் பார்வை நன்று என்று எழுதினார். நான் ஆட்சேபித்தேன்.

"டாக்டர் ஆப் ஹை க்யா, மாஸ்டர்ஜி?"

டாக்டர் நான் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். அங்கே கூட்டிப்போய்க் காட்டச் சொன்னேன். அவளுடைய அப்பா இசக்கிமுத்து, தோல்பைப் பட்டறைக்காரர், மசியவில்லை.

"டாக்டரே கண்ணு நல்லாருக்குன்னு எழுதிட்டாருல்லா. மண்டையிலதான் ஏற மாட்டேங்கு. வருசம் முடியட்டும் சார், பட்டறையில உக்கார வச்சிருதேன்."

ஆகவே மறுபரிசோதனை கேட்டு முறைப்படி விண்ணப்பித்தேன். தலைமையாசிரியர் கையெழுத்திட்டுக்கொண்டே, "பதில் வந்தா எனக்கும் காட்டுங்க சார். நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்றார். நினைவூட்டல் அனுப்பினேன், நினைவூட்டலுக்கும் ஒரு நினைவூட்டல். ஆண்டுத் தேர்வின் கேள்விகளைப் பலகையில்தான் எழுதிப்போட்டார்கள். முத்துச்செல்வி வெள்ளைத்தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்று அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை. பட்டறை இருந்த சந்தும் இல்லை. அவள் எங்கே, எதைக் கண்ணருகே பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாளோ, தெரியாது. டாக்டர் பதவி உயர்வு பெற்றதாகக் கேள்வி.

பதில் வந்ததென்னவோ உண்மை. மாணவி வகுப்பில் ஆஜராக இருக்கும்பட்சத்தில் மறுபரிசோதனை செய்யலாம் என்று இருந்தது. வந்தது ஜூன் பதினைந்து. பள்ளி திறந்து, வருகைப் பதிவிலிருந்து அவள் பெயரை அடித்த அன்று.