பலகையின் மறுமுனை

நான் தச்சன். டேப் வைத்து அளக்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். இது எனக்கு நடந்தது, போன மழைக்காலத்தில்.

மாடி அறையில், ஜன்னலோரமாகத் தேக்கில் ஒரு பெஞ்ச் வேண்டும் என்று ஒரு அம்மா கேட்டார். இரண்டு பக்கமும் சுவர். நடுவில் ஏழடிப் பலகை கச்சிதமாக உட்கார வேண்டும். எந்த வீட்டுச் சுவர் நேராக இருந்திருக்கிறது? பலகையை வைத்துப் பார்த்து, தூக்கி, ஓரத்தை இழைத்து, மறுபடி வைக்க வேண்டும். இரண்டு முனையும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கிவிடும். ஒற்றை ஆள் வேலையே இல்லை.

அந்த இன்னொரு ஆள், இருபது வருஷமாக என் மச்சான். என் மனைவியின் தம்பி. அவள் போன பிறகும் என்னோடுதான் இருந்தான். வாய் ஓயவே ஓயாது. "மாமா, உங்க மூஞ்சியப் பாத்துதான் இந்த மரம் இவ்ளோ இறுகிப்போச்சு" என்பான். அவனும் மாரடைப்பில் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் "வந்துட்டியா" என்று கேட்க நாதியில்லை. தனிமை என்னைத் தின்றுகொண்டிருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

அன்று வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருந்தார்கள். பலகை பிடிக்க வருவதாகச் சொன்ன பெயிண்டர், மழையைச் சாக்கு வைத்துக் கைவிரித்துவிட்டார். மணி ஏழு. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. கிளம்பியிருக்கலாம். போய் என்ன செய்யப் போகிறேன்?

பலகையை இழுத்துப் போட்டு ஒரு முனையைப் பிடித்தேன். பழக்க தோஷம்... வாய் தானாகச் சொன்னது.

"ஏத்துடா."

மறுமுனை ஏறியது.

பலகை தூக்கும்போது எதிராளியைப் பார்க்கக் கூடாது. கண் நம் முனையில், நாம் போட்ட பென்சில் கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விரல் நசுங்கும். எங்கள் தொழிலில் முதலில் படிவது அந்தப் பழக்கம்தான். அதனால் நான் நிமிரவில்லை. பார்த்தால் போய்விடுவானோ என்ற பயமும் இருந்தது.

"எறக்கு."

இறங்கியது. சர்ர்ர்... என்று சுவரை உரசிக்கொண்டு.

தூக்கினோம். இழைத்தேன். மறுபடி வைத்தோம். என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இத்தன நாளா எங்கடா போன?"

மறுமுனை மட்டும் ஏறி இறங்கியது.

ஒன்று மட்டும் உறுத்தியது. மச்சான் குள்ளம். அவன் பக்கம் எப்போதும் ஒரு அங்குலம் தாழ்ந்துதான் இருக்கும். அதற்காகவே என்னிடம் தினம் திட்டு வாங்குவான். இப்போது பலகைமேல் கிடந்த ரசமட்டத்தில் குமிழி நட்ட நடுவில் நின்றது... அசையவே இல்லை.

போய்ச் சேர்ந்தவனுக்கு ஏது குள்ளம், ஏது உயரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டக். பெஞ்ச் உட்கார்ந்துவிட்டது.

உளியையும் இழைப்புளியையும் பையில் போட்டேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"தனியா இருக்க முடியலடா. வீட்டுக்கு வந்துடு."

விளக்கை அணைத்தேன்.

மாடிப்படியில் என் செருப்புச் சத்தம். தட்... தட்... தட்...

நின்றேன்.

தட்.

வாசலில் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

பயம் வந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக வந்தது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார்.

"அண்ணே, அந்த ரூமை என்னண்ணே பண்ணீங்க? முன்னாடியே சொன்னா வேலைக்கு வரமாட்டீங்கன்னுதான் சொல்லல. நாங்க குடிவந்த நாள்லேருந்து ராத்திரியானா அங்க யாரோ நடக்கற சத்தம் கேக்கும். நீங்க பெஞ்ச் போட்டதுலேருந்து ஒண்ணுமே இல்ல. நிம்மதியாத் தூங்கறோம்."

"யாரும்மா... இருந்தாங்க அங்க?"

"யாரோ ஒருத்தர் தனியா குடியிருந்தாராம். செத்து ஒரு வாரம் ஆகியும் ஒருத்தரும் தேடி வரலையாம். பாவம்."

"நல்லதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பத்து நாளும் நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே மச்சான் இருக்கிறான் என்று பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டே சாப்பிடுவேன்.

அன்று ராத்திரியும் இரண்டு தட்டுதான் வைத்தேன். ஒன்றை எடுத்துவிடப் பயமாக இருந்தது.