அக்காவின் அலுமாரியும் என் அலுமாரியும்

கரவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்த ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, நல்லூரில் தம்பியின் வீட்டில் வாழ்ந்து, முப்பத்தொரு நாட்களுக்கு முன் கண்ணை மூடிய எங்கள் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி தம்பி என்னைக் கேட்டான். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கோ, சின்னக்கா. உங்கடை சண்டையளை அதுக்குள்ளை கொண்டு வராதேங்கோ" என்றும் சொன்னான். அவனுக்கு என்னைத் தெரியும். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா மீது பொறாமை. அதை மறைத்து எழுதினால், முன்பின் தெரியாத யாரோ ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியது போலாகிவிடும்.

அப்பா நேரகாலத்தோடு போய்விட்டார். அக்கா தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே படித்து, தபால் கந்தோரில் வேலை எடுத்தார். தம்பியைப் படிப்பித்தார். எனக்குக் கலியாணம் செய்து வைத்தார். தமக்கு ஒன்று பேசி வந்தபோதெல்லாம் ஏதோ சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தார். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த நாட்களில், கிடைத்த ஒரு வாளித் தண்ணீரில் எங்கள் உடுப்புகளை அலசி வேலியில் காயப்போடுவார். அத்தனை சனம் நெருக்குப்பட்ட இடத்திலும் எங்கள் உடுப்பில் வேர்வை நாற்றம் இராது. பக்கத்துப் பாய்க்காரர்கள் அவரைப் புகழ்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழிந்து கொடுத்தவள் நான் அல்லவா!

ஊருக்குத் திரும்பிய பின் ஒரே தச்சரிடம், ஒரே மரத்தில், இரண்டு அலுமாரி செய்வித்தோம். ஒன்று அக்காவுக்கு, மற்றது எனக்கு. அக்காவின் அலுமாரியைத் திறந்தால் வெயிலில் காய்ந்த பருத்தித் துணியின் வாசனை வரும். என்னுடையதைத் திறந்தால் ஈரச் சாக்கின் நாற்றம். மாரி மழை தொடங்கினால் கேட்கவே வேண்டாம், சேலைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். நான் வாசனைச் சவர்க்காரத்தை உறை கழற்றிச் சேலைகளுக்குள் வைத்தேன். பூச்சிக்கு வைக்கும் வெள்ளை உருண்டைகளை மூலைக்கு மூலை போட்டேன். சென்ற் தெளித்தேன். பூஞ்சணமும் போகவில்லை, அதோடு மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன.

அந்தக் கோலத்தோடுதான் ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு மெரூன் நிறப் பட்டுச் சேலை உடுத்துப் போனேன். பக்கத்தில் நின்ற மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "மச்சாள், சாறியை ஒருக்கா வெயிலிலை போட்டிருக்கலாமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அன்று முருகனை நான் கும்பிட்டேனோ என்றுகூட நினைவில்லை.

கோயிலால் வந்ததும் அக்காவைப் பிடித்தேன். "உண்மையைச் சொல்லுங்கோ. உங்கடை அலுமாரிக்கு என்ன போடுறியள்?"

"உனக்கென்ன விசரே? ஒண்டும் போடுறேல்லை" என்று சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். "கட்டிக் கழட்டின சாறியை உடனை மடிச்சு வையாதை, வேர்வை காய விடு. அலுமாரியைச் சுவரோடை ஒட்டி வையாதை, ஒரு சாண் விலத்தி வை. மாரி முடிய எல்லாத்தையும் வெளியிலை எடுத்து, தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணியாலை தட்டைத் துடைச்சு, கதவைத் திறந்துபோட்டு ஒரு நாள் முழுக்க விடு. அடித்தட்டிலை சிரட்டைக்கரி கொஞ்சம் வை, ஈரத்தை இழுக்கும். கண்டறியாத சென்ற் எல்லாத்தையும் தூக்கி எறி."

அத்தனையும் செய்தேன். முதுகு முறிய அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தேன். தேசிக்காய்ப் புளியால் துடைத்தேன், கரி வைத்தேன், எல்லாவற்றையும் காயவிட்டுத் திரும்ப அடுக்கினேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு அதே நாற்றம். அதற்குள் நல்லூருக்குப் போன ஒரு நாள், மச்சாளின் அலுமாரி திறந்து கிடந்தது. ஐயோ கடவுளே, அதிலும் அக்காவின் அலுமாரி வாசனை!

அப்போதே முடிவு கட்டினேன். அக்கா ஒன்றை எனக்கு ஒளித்துவிட்டார், வந்த பெண்ணுக்கு மட்டும் சொல்லிவிட்டார். கூடப் பிறந்த எனக்கில்லாத இடம் அவருக்கா? நல்லூருக்குப் போவதைக் குறைத்தேன். அக்கா தொலைபேசியில் அழைத்தால் இரண்டு சொல்லில் முடித்தேன். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

அக்காவுக்கு வருத்தம் முற்றிவிட்டது என்று தம்பி சொல்லத்தான் தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். மாற்றுடுப்பு எடுத்துவர நல்லூர் வீட்டுக்குப் போனால், அலுமாரித் திறப்பு சாவிக்கொத்தோடு மச்சாளின் இடுப்பில் இருந்தது. "அதை என்னட்டைத் தாங்கோ, நான் அவவின்ரை சகோதரி" என்றேன். மச்சாள் உடனே எடுத்துத் தந்தார்.

திறந்தேன். இத்தனை காலம் தேடிய இரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற அவாவில் ஒவ்வொரு தட்டாகத் தடவினேன். உள்ளே ஆறு சேலைகள், நாலு நைற்றிகள், அடித்தட்டில் கொஞ்சம் சிரட்டைக்கரி. மீதித் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன.

"மிச்சச் சாறியள் எங்கை?" என்று கேட்டேன்.

"அவ எங்கை வைச்சிருக்கிறா? ஆரும் குடுத்தால் வருசம் முடிய முதல் ஆருக்கும் குடுத்திடுவா. கூடுதலா உங்களுக்குத்தானே தந்தவ, மச்சாள்" என்றார்.

உண்மைதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் "இந்த நிறம் எனக்குச் சரிவராது, நீ கட்டு" என்று ஒன்றைத் தருவார். நான் மறுத்தால் அது மச்சாளுக்குப் போய்விடுமே என்று ஒன்றையும் விடாமல் வாங்கினேன். உடுத்தேனா? இல்லை. விரல் நுழையாத அளவுக்கு அலுமாரியில் அடைத்தேன். காற்றுப் போக வழியில்லாமல் அவை ஒன்றையொன்று அழுக வைத்துக்கொண்டு கிடந்தன. நாற்றம் அங்கேயிருந்துதான் வந்தது.

ஆசுப்பத்திரிக்குத் திரும்பிப் போய் அக்காவின் கட்டிலில் இருந்தேன். "சாறியளைக் குறைக்கச் சொல்லி ஏன் எனக்குச் சொல்லேல்லை? மச்சாளுக்குச் சொன்னனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், அவவுக்குச் சொன்னனான்" என்றார். மூச்செடுத்து மூச்செடுத்துக் கதைத்தார். "உனக்குச் சொல்ல எத்தினை தரம் வாய் எடுத்தனான் தெரியுமே? குறைச்சு வை எண்டு சொன்னால், நான் தந்ததைத் திருப்பிக் கேக்கிறன் எண்டு நினைப்பாய். பிறகு என்னோடை கதையாமல் விட்டிடுவாய். அதுக்கு நாறினால் நாறட்டும் எண்டு விட்டனான்."

நான் வாய்விட்டு அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஒளித்தது உண்மைதான். என்னை இழந்துவிடுவோமோ என்று பயந்து ஒளித்திருக்கிறார். அப்படியிருந்தும் மூன்று வருடம் நான் முகம் கொடுத்துக் கதைக்காமல்தான் இருந்தேன்.

அதன் பின் அக்கா பதினேழு நாட்களே இருந்தார்.

அக்காவை நல்லபடி பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செத்தவீட்டில் பந்தல் போட்டதிலிருந்து தேநீர் கொடுத்தது வரை தோள்கொடுத்த அயலவர்களுக்கும், தபால் கந்தோர் நண்பர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து அழைத்து அழுத உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா எனக்குத் தந்த சேலைகளில் பழுதாகாதவற்றை எல்லாம் துவைத்து வெயிலில் காயவைத்து, இன்று நல்லூர் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த பெண்கள், சாப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். முதலில் மச்சாள் எடுக்கட்டும். எதை எடுப்பார் என்று என் கண் அங்கேதான் இருக்கும், அதைப் பாராமல் அவர் நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

மச்சாள், கடைசியாக உங்களுக்கும் ஒரு நன்றி. நான் முகம் திருப்பியிருந்த மூன்று வருடமும் அக்காவுக்குத் தலை வாரிவிட்டீர்கள், கஞ்சி பருக்கினீர்கள், அவருடைய கதைகளைக் கேட்டீர்கள். அந்த மூன்று வருடமும் எனக்கு வேண்டும். சேலையைக் கேட்டால் தந்துவிடுவீர்கள், அந்த வருடங்களை உங்களால் எப்படித் தர முடியும்?