ஒற்றைக் கண் வண்டியில் செம்பூர் ஜானவாசத்துக்கு

இந்தப் பயணத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நம் கையெழுத்துப் பத்திரிகையில் சென்ற மாதம் வந்த எலிபெண்டா குகைக் கட்டுரையில், எழுதியவள் படகிலேயே தூங்கிப்போனதை மறைத்துவிட்டாள் என்று பல வாசகர்கள் குறைப்பட்டார்கள். என் கட்டுரையில் அப்படி எதுவும் இராது. சேஷு மாமாவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். "தாராளமா எழுது. ஆனா வண்டியோட கம்பெனி பேரைப் போடாதே, கேஸ் போட்டுடுவான்" என்றார். ஆகவே வண்டி என்று மட்டும் எழுதுகிறேன்.

சேஷு மாமா என் அம்மாவின் தம்பி. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து இந்த வண்டியை வாங்கினார். இதன் பெருமை, மேலே உள்ள துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம் என்பதுதான். செம்பூரில் என் பெரியப்பா பெண் கோமதி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, முதல் நாள் மாலை ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளை திறந்த காரில்தான் வரவேண்டும் என்று அவருடைய சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாடகைக் காருக்குப் பெரியப்பாவிடம் வசதி இல்லை. மாமா மார்பைத் தட்டி, "என் வண்டி எதுக்காக்கும் இருக்கு?" என்றார்.

அப்போது வண்டிக்கு இரண்டு கண்களும் தெரிந்தன. கல்யாண வாரத்தில் இடது விளக்கு அணைந்துவிட்டது. வியாழக்கிழமை இரவு சயானில் ஒரு போலீஸ்காரர் மாமாவை நிறுத்தி, "காய் சாகேப், ஏகச் டோளா?" என்றார். ஒரே கண்தானா என்று அர்த்தம். இன்னொரு முறை இப்படி இருட்டில் வந்தால் வண்டியைப் போலீஸ் சௌக்கிக்குக் கொண்டுபோய்விடுவேன், திங்கட்கிழமைதான் திரும்பும் என்றும் எச்சரித்தார். ஜானவாசமோ சனிக்கிழமை மாலை ஏழரைக்கு. கோமதி அக்கா என்னைத் தனியாக அழைத்து, "எனக்குக் காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா அது வரலேன்னா அந்தச் சித்தப்பா ஜென்மம் பூரா சொல்லிக் காட்டுவார்டி. நீ மாமா கூடவே இரு" என்றாள். நான் இந்தப் பயணத்தில் சேர்ந்தது இதனால்தான்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மாமா வரும் வழியில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒன்றேகால் ரூபாய்க்குப் புது பல்பு வாங்கி வந்தார். கடைக்காரர் "ஆறா, பன்னிரண்டா?" என்று கேட்டாராம். பன்னிரண்டு பெரிய எண் என்பதால் மாமா அதையே வாங்கிவிட்டார். இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் உரக்க வாசித்தேன். விளக்கின் அடியில் உள்ள திருகாணியைத் தளர்த்தினால் வளையம் தானே கையில் வந்துவிடும் என்றும், சொந்தக்காரரே சில நிமிஷங்களில் செய்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.

"எந்த ஊர் சொந்தக்காரர்னு போட்டிருக்கானா பாரு" என்றார் மாமா. அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார், முகம் சிவந்திருந்தது.

திருகாணி துருவேறிப் போயிருந்தது. திருப்புளி வழுக்கி வழுக்கி, அதன் தலையில் இருந்த கோடே தேய்ந்துவிட்டது. மாமா சமையலறைக்குள் போய் தோசைத் திருப்பியை எடுத்துவந்தார். அதன் முனை மெல்லியது என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது முறை அழுத்தியபோது திருகாணிக்குப் பதிலாகத் தோசைத் திருப்பி வளைந்துகொண்டது. மாமி அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ராத்திரி தோசை வேணும்னு வாங்கோ, சொல்றேன். திருப்புளியாலதான் திருப்பிப் போடுவேன்" என்றாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு, மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, ஒரு மணி நேரத்தில் செம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நாங்கள் நாலு மணிக்குத் தாராவிக்குப் புறப்பட்டோம். அங்கே மைதீன் பாய் என்ற திருநெல்வேலிக்காரர் டிரங்குப் பெட்டி செய்கிறார். கார்களையும் பழுது பார்க்கிறார். மாட்டுங்காவிலிருந்து சுமார் இரண்டு மைல். தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பத்து நிமிஷத்தில் வாடை பழகிவிட்டது. பாய் வண்டியைச் சுற்றி வந்து, "என்ன சாமி, மச்சான் நம்மளப் பாத்துக் கண்ணடிக்காரு?" என்றார்.

"ஏழரைக்கு ஜானவாசம், பாய். விளையாடாதேயும்."

"ரெண்டு நிமிசம். மிலிட்டரி லாரிக்கே வைத்தியம் பாத்த கையி இது."

திருகாணியில் மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். வளையம் வந்தது. கண்ணாடி வந்தது. உள்ளேயிருந்த சுருள்கம்பி எங்கள் தலைக்கு மேலே பறந்து எங்கேயோ போய் 'டிங்' என்றது. மூவரும் குனிந்து தேடினோம். அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், மணப்பெண்ணுக்கென்று ரோஜாப்பூ வரைந்திருந்த ஒரு பெட்டிக்குள் கிடைத்தது. இதில் முக்கால் மணி போயிற்று.

புது பல்பைப் போட்டுச் சுவிட்சைத் திருப்பினோம். அது சிவப்பாக முனகியது.

"சாமி, இது வெளக்கா, பீடி நெருப்பா?"

"பன்னெண்டாக்கும்!" என்றார் மாமா கோபமாக.

"ஒங்க பேட்டரி ஆறுல்லா? ஆறு பேருக்கு ஆக்குன சோத்துல பன்னெண்டு எல போட்டா, யாருக்கு வயிறு நெறயும்?"

பாய் தன்னிடமிருந்த பழைய ஆறு வோல்ட் பல்பு ஒன்றைப் போட்டார். இடது விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் கைதட்டினேன். உடனே வலது விளக்கு அணைந்தது. வலதைச் சரி செய்தபோது இடது அணைந்தது. பாய் வண்டிக்கு அடியில் படுத்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "ஒத்த ஒயரு சாமி, ஒத்த ஒயருதான்" என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். ஆறரை மணிக்குப் பாய் எழுந்து வந்து, "போடுங்க" என்றார்.

இரண்டு விளக்குகளும் எரிந்தன. கூடவே ஹாரனும் அலறியது. மாமா ஹாரனைத் தொடவே இல்லை. சுவிட்சை அணைத்தால் இரண்டும் நின்றன. போட்டால் இரண்டும் தொடங்கின.

"ஹாரன் ஏன் ஓய் அடிக்கறது?"

"சந்தோசத்துல கத்துது சாமி."

ஹாரன் ஒயரைக் கழற்றினால் விளக்குகளும் போய்விட்டன. மறுபடி சேர்த்தால் இரண்டும் வந்தன. பாய் தலையைச் சொறிந்தார். நாளைக் காலை கொண்டுவந்தால் ஹாரனை வாய் மூட வைத்துவிடுவதாகச் சொன்னார். நாளைக் காலை முகூர்த்தம் என்று நான் சொன்னேன். கூலி எவ்வளவு என்று மாமா கேட்டதற்கு, "வெளக்குக்கு ரெண்டு ரூவா. ஹாரனுக்குத் துட்டு வேண்டாம்" என்றார்.

கல்யாணத்துக்கென்று வாங்கிய புது அங்கவஸ்திரத்தை மாமா சுருட்டி ஹாரனின் வாயில் அடைத்தார். தெருவில் வெளிச்சம் இருக்கும்வரை விளக்கைப் போடாமலே போவது என்று முடிவு செய்து ஏழு மணிக்குக் கிளம்பினோம். சயானை நெருங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. தூரத்தில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அதே போலீஸ்காரர்! அவர் கையை உயர்த்தினார். மாமா சுவிட்சைத் திருப்பினார். முதலில் கன்றுக்குட்டிக்கு வயிற்றுவலி வந்தது போல ஒரு சத்தம். பிறகு வண்டி ஒரு பள்ளத்தில் குதித்ததில் அங்கவஸ்திரம் நழுவி விழுந்தது.

நான் இதுவரை கேட்ட சத்தங்களில் அதுவே பெரியது. போலீஸ்காரர் ஓரமாகத் துள்ளினார். பிறகு இரண்டு மாட்டுவண்டிகளையும் ஒரு உப்பு லாரியையும் தடுத்து நிறுத்தி, எங்களுக்கு வழிவிட்டு, விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். மாமா ஸ்டியரிங்கை விடமுடியாததால் நான் பதில் வணக்கம் சொன்னேன். எங்களைப் பெரிய அதிகாரிகள் என்று நினைத்தாரா, காது தாங்காமல் அனுப்பிவைத்தாரா என்பதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அங்கவஸ்திரத்தை எடுக்க நாங்கள் திரும்பிப் போகவில்லை.

சயானிலிருந்து செம்பூர் சுமார் நாலு மைல். இரு பக்கமும் உப்பளம். காற்று நன்றாக வரும். பகலில் போகிறவர்கள் ரசிக்கலாம். நாங்கள் கத்திக்கொண்டே போனோம்.

ஊர்வலம் புறப்பட வேண்டிய கோயில் வாசலுக்கு ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே காஸ் விளக்குகள், நாதஸ்வரம், சூட் போட்டு மாலையணிந்த மாப்பிள்ளை, விசிறிக்கொண்டிருந்த மாமி, எல்லோரும் தயார். தெருமுனையிலேயே மாமா சுவிட்சை அணைத்துவிட்டதால் வண்டி சாதுவாக வந்து நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா கடிகாரத்தை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஏழரைன்னேள். போகட்டும். ரெண்டு லைட்டும் எரியறதோல்லியோ? ஒத்தைக் கண் வண்டின்னு காதுல விழுந்தது. அதுல எங்காத்துப் பிள்ளை ஏறமாட்டான்."

"பேஷா எரியறது" என்றார் மாமா.

"போடுங்கோ, பார்க்கலாம்."

பெரியப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமா என்னைப் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் திருப்பினார்.

தவில் நின்றது. குழந்தைகள் அழுதன. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, வண்டியை மேலும் கீழும் பார்த்து, "சாமி, வண்டிக்குச் சுருதி எந்தக் கட்டைன்னு சொன்னா நானும் அதுக்கே சேத்துக்கிடுறேன்" என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அதுவரை போட்டோவுக்கு நிற்பவர் போல நின்றிருந்தவர் மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சித்தப்பா காதுகளைப் பொத்திக்கொண்டு, "தெரிஞ்சுது, தெரிஞ்சுது, ரெண்டு கண்ணும் தெரிஞ்சுது! அணையுங்கோ ஓய்! காஸ் லைட் எதுக்கு இருக்கு!" என்று கத்தினார். மாப்பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அரை மைல் ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. காஸ் விளக்குகளின் வெளிச்சத்தில், மனிதர்கள் நடக்கும் வேகத்தில் போகிற காருக்கு முன்விளக்கே தேவையில்லை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். இதே போன்ற பயணம் போக நினைக்கும் வாசகர்களுக்கான யோசனைகளையும் முன்சீட்டில் உட்கார்ந்தபடி யோசித்து வைத்தேன். வண்டியின் வோல்ட் எவ்வளவு என்று கடைக்குப் போகுமுன் பாருங்கள். திருகாணிக்கு முதல் நாளே மண்ணெண்ணெய் விடுங்கள். வளையத்தைக் கழற்றும்போது கீழே துணி விரியுங்கள். சமையலறைச் சாமான்களைத் தொடாதீர்கள். மாப்பிள்ளையை ஏற்றிவரும் பொறுப்பு இல்லாதவர்கள் ரயிலில் போவதே உத்தமம்.

கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்கினார். உள்ளே போகாமல் மாமாவின் பக்கம் குனிந்து, சித்தப்பா காதில் விழாதபடி, "மாமா, இன்னொரு தடவை போடறேளா? மாடியில இருக்கறவாளுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

மாமா போட்டார். மாடி ஜன்னல் திறந்தது. கோமதி அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின. அந்த வாரம் முழுவதும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

பிறகு மாமா விளக்குகளை அணைத்தார்.