பந்து விளையாடி உடைந்த முட்டி

என் கடைசித் தங்கச்சியைக் கட்டினவர் எங்கள் அத்தைக்கு மூத்தார் மகன். கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு மாப்பிள்ளை முறைதான். பட்டாளத்தில் அடிபட்டவர்களைத் தூக்கிவரும் வேலை. வலது முட்டியோடு இருபது வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். துருப்பிடிக்காமல் எண்ணெய் விடட்டுமா என்று தங்கச்சி கேலி செய்வாள். அவர் சிரிக்க மாட்டார். வெட்டி எறிந்த பழைய முட்டிதான் இன்னும் வலிக்கிறது என்பார்.

ஊனம் இருபது சதவீதம்தான் என்று பட்டாளத்துப் பென்ஷன் ஆபீஸில் எழுதிவிட்டார்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பந்து விளையாடும்போது விழுந்தது’ என்று இருந்ததே காரணம். அப்படிச் சொன்னவரும் அவரேதான். சண்டையில் பட்ட அடி என்று நிரூபித்தால் சதவீதம் கூடும். முட்டி தேய்ந்தால் மறு ஆபரேஷனும் அவர்களே செய்வார்கள். இல்லாவிட்டால் நடமாட்டம் அவ்வளவுதான். தங்கச்சி விடாமல் நச்சரித்து அப்பீல் போட வைத்தாள்.

ஃபைல் தூக்க நான் கூடப் போனேன். மாடியில் ஒரு அறை. டாக்டர் ஸ்கேல் வைத்து, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். பெரிய அதிகாரி சீட்டைக் காட்டி, எது உண்மை என்று கேட்டார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மலைச்சரிவு. முதுகில் கூட்டாளி. அவனுக்குத் தொடையில் குண்டு, ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தானாம். இவருக்குக் கால் வழுக்கி, ரெண்டு பேரும் பாறையில் விழுந்தார்கள். இவருக்கு முட்டி போனது. அவனுக்குத் தலை.

அவன் அம்மாவிடம், குண்டு பட்டதுமே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கூட்டாளி பாசம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அதிகாரி இரக்கமாகத்தான் பேசினார். ஒரு சாட்சி வேண்டும், நீங்கள் சொன்னதை அப்படியே அந்த வீட்டுக்கு எழுதி விவரம் கேட்போம், அங்கே யார் இருக்கிறார்கள் என்றார்.

“அம்மா இருக்காங்க சார்.”

மாப்பிள்ளை மேஜைமேல் இருந்த பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, “பந்துதான் சார். விளையாடும்போதுதான் விழுந்தேன்” என்றார். அப்பீல் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும், “உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான்” என்றார். படியில் கை கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, முன்னால் குனிந்து, ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றிப் பார்த்து இறங்கினார். பாதியில் நின்றார். தோள் பக்கம் லேசாகத் திரும்பி, “வந்துட்டோம்டா” என்றார்.