மேல்காத்து வராத ரூம்

மகளுக்கு இடம் தருவதாகச் சொன்ன கல்லூரி தாம்பரத்துக்கும் அப்பால். எர்ணாவூரிலிருந்து பீச் ஸ்டேஷனில் ரயில் மாறிப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. தினமும் போய்வர முடியாது, ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். என் மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. "போய்ப் பாரு. ஏதாச்சும் ஒரு கொற கண்டுபுடிச்சிக்கினு வா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம்தான். கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் மகள்தான். பேங்கோ ரேஷன் கடையோ, எனக்காகப் பேசுகிறவளும் அவள்தான்.

உள்ளே நுழைந்ததும் நிறைய மரங்கள். தாவரவியல் படிக்கப் போகிற மகள், ஒவ்வொரு மரத்திலும் ஆணியடித்திருந்த பெயர்த் தகட்டைப் படித்துக்கொண்டே வந்தாள். நான் தாழ்வான கிளையில் ஓர் இலையைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். எங்கள் ஊரில்போல விரலில் கரி ஒட்டவில்லை.

"இன்னா நைனா, காய்கறிக் கடைல பாக்குற மாதிரி பாத்துகினு கீற" என்றாள்.

ஹாஸ்டல் வார்டன் என் வயதுடைய அம்மாள். மாடியில் மூன்று கட்டில் போட்ட ஓர் அறையைத் திறந்து காட்டினார். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். மேற்கு என்றதும் எனக்குப் பகீரென்றது.

எங்கள் குடியிருப்பில் கம்பெனிகளெல்லாம் மேற்கே. கிழக்கே கடல். காலையில் முதலில் எழுந்தவர் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து மூக்கை நீட்டிப் பார்ப்பார். மேற்கேயிருந்து கம்பெனி நாற்றம் வந்தால் "மேல்காத்து" என்று கீழ்வீடுகளுக்குக் குரல் கொடுப்பார். கொடியில் கிடக்கும் துணி உள்ளே போகும், ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். கடல்காத்து திரும்பினால்தான் மறுபடி திறப்போம். வீடு பார்க்கப் போனால் தண்ணீருக்கு முன்னால் இதைத்தான் கேட்போம்.

அதனால் தயங்கித் தயங்கி வார்டனிடம் கேட்டேன். "மேல்காத்து அடிச்சா இந்த ரூமுக்கு வருமா மேடம்?"

"நல்லா வரும் சார். ஃபேனே போட வேண்டாம்" என்றார், பெருமையாக.

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. "வாரத்துல எத்தினி நாளு நாத்தம் இருக்கும்?"

அவர் முகம் மாறிவிட்டது. எங்களை வராந்தாக் கோடிக்குக் கூட்டிப்போய்க் குளியலறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாக் குழாய்களையும் திருகிவிட்டார். "தினம் ரெண்டு வேளை பினாயில் போட்டுக் கழுவுறோம். நீங்களே உள்ள போய்ப் பாருங்க சார்."

பெண்கள் குளியலறை வாசலில் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். பிறகு அவள்தான் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வார்டனுக்கு விளக்கினாள்.

வார்டன் குழாய்களை மூடினார். "இந்தப் பக்கம் கம்பெனி ஒண்ணும் இல்ல சார். பின்னாடி ஒரு மாட்டுக் கொட்டாய் இருக்கு. மழை பேஞ்சா கொஞ்சம் வாசன வரும்" என்று உள்ளதைச் சொன்னார்.

"மாடு பரவால்ல மேடம்" என்றேன்.

திரும்பி வரும்போது பக்கத்து அறை திறந்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் மார்மேல் புத்தகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு ஜன்னல் கதவுகளும் சுவரோடு சாய்ந்து விரியத் திறந்திருந்தன. என் மகள் அந்த வாசலைக் கடக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் சாத்திய ஜன்னலுக்குக் கீழேதான் தூங்கியிருக்கிறாள். நான் அவசரப்படுத்தவில்லை. வீட்டில் சொல்வதற்கு இனி என்ன குறை கண்டுபிடிப்பது என்று யோசித்தேன். சாம்பார் தண்ணியாக இருக்கும் என்று சொல்லலாம். சாப்பிட்டே பார்க்கவில்லை.

கீழே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அவள் மளமளவென்று எழுதினாள். ஓர் இடத்தில் பேனா நின்றது. விடுதி வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருந்த இடம்.

"நான் வேணா டெய்லி வந்துட்டுப் போய்டறேன் நைனா. காலீல அஞ்சு மணி வண்டி கீது" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"அஞ்சு மணிக்கு உன்ன யாரு எழுப்புறது? லீவு நாள்ல எட்டு மணிக்கு எழுப்புனாலே கட்டில ஒதைக்கிற."

"கட்டிலு இன்னா, ஆயா வூட்டுல எழுப்புனப்ப சுவத்தையே ஒதச்சேன்."

"அப்ப இங்கயே ஒத. எழுது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா இன்னா சொல்லும்?"

"அத நான் பாத்துக்கறேன்."

'வேண்டும்' என்ற இடத்தில் அவள் டிக் அடித்ததைப் பார்த்துவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனேன்.

"இன்னாய்யா, கொற ஏதாச்சும் கெடச்சிதா?" என்றாள் மனைவி.

"ஒரு மாட்டுக் கொட்டாய் கீது. அவ்ளோதான். ஹாஸ்டல்னு எழுதிட்டோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மெத்த அவங்க குடுப்பாங்களா, நாம வாங்கணுமா? பக்கெட்டு? அதயாச்சும் கேட்டியா நீ?" என்றாள்.

கேட்கவில்லை. மகள் பெஞ்சில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. நானே மாடியேறி அந்த வார்டனைத் தேடிப் போனேன்.