தனத்தின் மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி

போன வாரம் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் போட்டுத் தருவேன். அவள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மூக்குக் கண்ணாடியில் ஃபிளாஷ் அடித்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். "இத எடுக்க அரை மணி நேரம் ஆவும்மா, உக்காரு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டி, மவுஸில் கை வைப்பதற்குள், "ஆன்ட்டி, நானே எடுத்துட்டன்" என்றாள். விரலால் ஒரு தேய் தேய்த்தாளாம். போயே போச்சு. இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன.

அந்தக் கண் உன் கண்தானாம்மா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பிரிண்ட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த வெள்ளையைத் துடைப்பதுதான் எனக்குப் பிழைப்பு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோ. அந்தப் பெயரை முழுதாகச் சொல்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்களுக்கு திருப்பாப்புலியூர்தான். தினமும் காலையில் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போவேன். ஸ்டுடியோக்காரர் பாஸ்கர் அண்ணன் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் டச்சிங். கண்ணாடியில் அடித்த ஃபிளாஷ், வழுக்கைத் தலையில் அடித்த ஃபிளாஷ், மாப்பிள்ளையின் எண்ணெய் வழியும் நெற்றி, வெயிலைப் பார்த்துக் கேமராவைப் பிடித்ததால் மணப்பெண்ணின் தோளில் வட்ட வட்டமாக வந்து உட்கார்ந்த வெளிச்சம், எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளை மேல் பூச வேண்டும். முதல் நாளே பாஸ்கர் அண்ணன் பாடம் முடிந்துவிட்டது: "மொகத்துல வெள்ளையா எது இருந்தாலும் அது நமக்கு எதிரிம்மா. பல்லையும் கண்ணு முழியையும் வுட்டுட்டு மிச்சத்தத் தொடச்சிடு."

நான் கெட்டிக்காரி ஆயிற்றே, அப்படியே பிடித்துக்கொண்டேன். பிறகு அது வியாதியாகவே ஆகிவிட்டது. எவர்சில்வர் குடம் மின்னினால் துடைக்கத் தோன்றும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் வழுக்கையில் வெயில் பட்டால் கை பரபரக்கும். "ஏண்டி, அந்தாளு தலையையே பாத்துக்கிட்டு வர?" என்று அம்மா ஒருநாள் இடுப்பில் கிள்ளினாள்.

கண்ணாடிக்குள் கண்ணே தெரியாமல் ஃபிளாஷ் மூடிவிட்டால் என்ன செய்வது? இதை அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வேறு யாருடைய கண்ணையாவது எடுத்து வைப்போம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இறந்துபோனார். வீட்டிலிருந்த எல்லாப் படத்திலும் கண்ணாடி, எல்லாக் கண்ணாடியிலும் ஃபிளாஷ். ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்தில் சாம்பார் வாளியோடு நின்ற சமையல்காரரின் கண்ணை எடுத்து அவருக்கு வைத்தேன். படத்தை வாங்க வந்த வாத்தியாரின் மனைவி, "அப்புடியே என்னையே பாக்குறாரே" என்று அழுதுவிட்டார். நான் அங்கே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஏறியதும் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு, சிதம்பரம் வரும்வரை நிற்கவில்லை. அன்றைக்குச் சிரித்ததற்கெல்லாம் பிறகு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

அந்த மார்கழியில் சுனாமி வந்தது. ஸ்டுடியோ சில நாள் திறக்கவில்லை. திறந்த பிறகு கடலோரத்தில் இருக்கும் தேவனாம்பட்டினத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் பையில், ரேஷன் கார்டு கவரில், துணியில் சுற்றி, மண்ணிலிருந்து எடுத்த போட்டோக்கள். கவரைப் பிரித்தால் சேறும் உப்பும் பூஞ்சையும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் மழைக்காலத்தில் ஈரக் காகிதக் கட்டைப் பிரித்தால் அந்த வாடை கொஞ்சம் வரும், அதோடு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "மொகம் தெரிஞ்சாப் போதும்" என்பார்கள்.

தேசிங்கு அப்படித்தான் வந்தார். கடலுக்குப் போகிறவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அவர் மனைவி தனம் போய்விட்டாள். வீடும் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு படம், தனத்தின் வளைகாப்பில் யாரோ எடுத்தது. கவருக்குள்ளேயே நனைந்து ஊறிப் போயிருந்தது. முகம் மட்டும் தப்பித்திருந்தது. கன்னமெல்லாம் சந்தனம், நெற்றியிலும் மூக்கிலும் ஃபிளாஷ் அடித்த வெள்ளை.

"இது ஒண்ணுதான் இருக்குது தங்கச்சி. பாப்பா அவ அம்மா மொகத்த மறந்துடப் போவுது. அம்மான்னு சொல்லிக்கினு இருந்தது, அன்னிக்கிலேருந்து வாயத் தொறக்கல" என்றார். குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஈரப் படத்தை ஸ்கேனர் கண்ணாடியில் நேராக வைக்கக் கூடாது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் போட வேண்டும் என்று பாஸ்கர் அண்ணன் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தாள் போட்டால் ஸ்கேனில் ஒரு பளபளப்பு விழும். எனக்குத்தான் பளபளப்பு ஆகாதே. நேராக வைத்தேன். ஸ்கேன் அருமையாக வந்தது. படத்தை எடுத்தபோது வெறும் வெள்ளைக் காகிதம்தான் கையோடு வந்தது. தனத்தின் முகம் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "கம்ப்யூட்டர்ல காப்பி இருக்குல்ல, வுடு" என்றார் அண்ணன். நானும் விட்டேன். ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். முகம் துணியோடு போனது.

பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் படத்தைச் செய்தேன். அவ்வளவு பாசமாக நான் எந்தப் படத்தையும் செய்ததில்லை. நெற்றி, கன்னம், மூக்கு நுனி என்று ஒவ்வொரு வெள்ளையாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். இடது மூக்கின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி, எள்ளளவுதான். அங்கே கொஞ்சம் நின்றேன். மூக்குத்தியாக இருக்குமோ? எங்கள் பக்கத்தில் ஒற்றை மூக்குத்தி என்றால் வலப்பக்கம்தான். வலது மூக்கில் ஒன்றுமில்லை. அப்படியானால் இது எண்ணெய் மினுக்குதான் என்று முடிவு கட்டினேன். ஒரே ஒரு தட்டு. புள்ளி மறைந்தது. அதே பெயரில் சேமித்தேன், பழைய ஸ்கேன் அதோடு போனது. தனித் தனியாக வைத்துக்கொள்ளும் புத்தியெல்லாம் அப்போது இல்லை, கம்ப்யூட்டரில் இடமும் இல்லை.

தேசிங்கு குழந்தையோடு வந்து படத்தைக் கையில் வாங்கினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா வந்துக்குது தங்கச்சி" என்றார். அப்புறம், "மூக்குத்தி எங்க?"

"எந்த மூக்குத்திண்ணே?"

"சின்ன வயசுல வலது பக்கம் குத்துனது புண்ணு வச்சித் தூந்துபோச்சி. அப்பறம் எடது பக்கம் குத்துனாங்க. ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. நான்கூடப் பண்ணுவன்" என்று சொல்லித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு அப்போது லேசாகச் சிரிப்புகூட வந்தது.

"அந்தப் பழைய படத்தக் குடேன், அதுல இருக்கும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது தண்ணில ஊறித் தானா அழிஞ்சுபோச்சுண்ணே." தானாக. இந்த வாயால்தான் சொன்னேன். அவர் நம்பினார். "ஆமா, என்னா பண்றது, எல்லாந்தான் போச்சி" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

"அஞ்சு நிமிஷம் இருங்க, வச்சுத் தந்துடறன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் ஓடினேன். இறந்தவர்களுக்குப் பொட்டு, சங்கிலி, மூக்குத்தி எல்லாம் வைத்துக் கொடுப்பது அந்தக் காலத்து ஸ்டுடியோ வழக்கம். அதற்காகக் கல்யாணப் பெண்களின் படத்திலிருந்து வெட்டி வெட்டிச் சேர்த்து வைத்திருந்தோம். அதில் ஒரு கல் மூக்குத்தியை எடுத்தேன், வைத்தேன், பிரிண்ட் கொடுத்தேன். ஈரம் காயாத படத்தை ஓடிவந்து நீட்டினேன்.

தேசிங்கு பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இடுப்பிலிருந்த குழந்தை படத்தை நோக்கிக் கையை நீட்டி, அந்த மூக்குத்தி மேல் விரலை வைத்து, "ம்மா" என்றது. இன்னொரு தடவை, "அம்மா."

திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். "போதும் தங்கச்சி, வுடு. இதுவே இருக்கட்டும்" என்று குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பாஸ்கர் அண்ணனும் அழுதார். நானும்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்போது எதற்கோ என் மூக்கைத் தொட்டேன். என் மூக்குத்தி வலது பக்கம் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தனத்துக்கும் வலது பக்கமே வைத்துவிட்டேன். வெட்டி வைத்திருந்த மூக்குத்திகள் எல்லாம் வலது மூக்கிலிருந்து எடுத்தவை, கை பழக்கத்தில் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டது.

மறுநாள் சொன்னபோது, "வந்தார்னா மாத்திக் குடுத்துடலாம்" என்றார் அண்ணன். தேசிங்கு வரவில்லை. நாமே போகலாம் என்று நினைத்தேன். ஸ்டுடியோவிலிருந்து தேவனாம்பட்டினம் எவ்வளவு தூரம், ஷேர் ஆட்டோவில் ஏறினால் இறங்க வேண்டியதுதான். போகவில்லை. அந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, ஸ்டுடியோவை விட்டேன், பாஸ்கர் அண்ணனும் போய்ச் சேர்ந்தார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நல்ல மனுஷி மாதிரி இத்தனை வருஷம் ஊரில் நடமாடினேன்.

சென்ற வருஷம் மாசி மகத்துக்கு நாத்தனார் என்னைத் தேவனாம்பட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்திருந்தன, கூட்டம் தாங்கவில்லை. யாரோ கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். "ஸ்டுடியோத் தங்கச்சிதான நீ?" தேசிங்கு. தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான். விடவே இல்லை, மோர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

சுவரில் தனம் இருந்தாள். நான் செய்த தனம். பூ வைத்து, சின்ன பல்பு போட்டிருந்தார்கள். மோர் கொண்டுவந்த பெண்ணைப் பார்த்தேன், அந்தக் குழந்தைதான். பவானி என்று பெயர், நர்சிங் முடித்துவிட்டாள். "அம்மா போட்டோ செஞ்சவங்களா? தேங்க்ஸ் அத்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வலது மூக்கில் ஒற்றைக் கல் மூக்குத்தி.

நான் பார்ப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்: "அம்மா மாதிரி குத்திக்கினன் அத்த. அப்பா எடது பக்கம் குத்திக்கன்னு ஒரே சண்ட. அம்மாவுக்கு வலது பக்கம்தான இருக்குது, போட்டோவப் பாருன்னு காட்டுனன். அப்பறம் ஒண்ணும் பேசல."

தேசிங்கு என்னைப் பார்க்காமல் ஃபேனைப் போட எழுந்து போனார்.

வழியனுப்ப அவர் தெருமுனை வரை வந்தார். நாத்தனார் முன்னால் போய்விட்டாள். "அண்ணே, அந்தப் படம் தானா அழியல. நான்தான் அழிச்சன். மூக்குத்தியும் நான்தான் அழிச்சன், மாத்தியும் வச்சன்" என்று கொட்டிவிட்டேன். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"பக்கம் மாறுனது அன்னிக்கே பாத்தன்மா" என்றார். "பாப்பா அம்மான்னு சொல்லிடுச்சி. அதுக்கப்பறம் நான் என்னாத்த சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சொல்றன், பவானிகிட்ட சொல்லாத. இப்பல்லாம் கண்ண மூடுனா எனக்கே வலது பக்கம்தான் வருது. எடதுன்னு வாய்தான் சொல்லுது, மொகம் வரமாட்டேங்குது."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போதெல்லாம் கடைக்கு வரும் பிள்ளைகளின் படத்தில் மூக்கில், கன்னத்தில் வெள்ளை இருந்தால் நான் தொடுவதில்லை. "ஆன்ட்டிக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிக்கொண்டு அவர்களே விரலால் தேய்த்துக்கொள்கிறார்கள். தேய்த்துக்கொள்ளட்டும். அவர்கள் முகம், அவர்கள் பாடு.

அந்த ஸ்டுடியோ இல்லை, அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, அந்தப் படமும் இல்லை. தனத்தின் இடது மூக்கில் எள்ளளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பெற்ற பெண்ணுக்கு அது தெரியாது. கட்டியவருக்கு மறந்துகொண்டு வருகிறது. கண்ணை மூடினால் அது அப்படியே வருவது, அதைத் துடைத்த எனக்கு மட்டும்தான்.