விறைப்பூசி வேண்டாம் என்றவர்

யுத்த காலத்தில் திருகோணமலையில் நான் பல் வைத்தியராக இருந்தேன். வெருகல் பக்கமிருந்து ஒரு முதியவர் வந்தார். ஒட்டிய கன்னத்துக்குள் எப்போதும் ஒரு இனிப்பு டொபி. பல்முரசு இறங்கி வெளியே தெரிந்த பல்வேர்களைக் கிருமி கறுப்பாக அரித்திருந்தது.

"டொபியை விடுங்கோ ஐயா. கிருமிக்கு நீங்கள்தான் தீனி போடுறீங்கள்."

"ஏலாது டொக்டர். வழிமறிச்சு விசாரிக்கிற ஆமி சென்றியைக் கண்டால் வாய் காய்ஞ்சிடும். இது இருந்தாத்தான் நாக்குப் பிரளும். என்ர மகன் கேட்டதுக்குப் பதில் சொல்லேலாமல் நிண்டவன். கொண்டுபோயிட்டாங்கள்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பல்வேர் சொத்தைக்கு இந்தக் காரணம் இல்லை.

ஒரு பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும். ஊசியை எடுத்ததும் என் கையைப் பிடித்தார்.

"விறைப்பூசி வேண்டாம். நாக்கு விறைச்சால் திரும்பிப் போகேக்க என்னெண்டு கதைக்கிறது?"

"விறைப்பு அடங்கினபிறகு போங்கோவன்."

"அதுக்குள்ள பாதையைப் பூட்டிடுவாங்கள்."

அப்படியே பிடுங்கினேன். கதிரையின் கைப்பிடியை இறுக்கினாரே தவிர, முனகவில்லை. பிறகு, நான் வைத்த பஞ்சைத் துப்பிவிட்டு, கடைவாயில் இரத்தம் வழிய, தன் பெயரையும் ஊரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சிங்களத்தில் ஒப்புவித்தார்.

"வடிவா விளங்குதோ டொக்டர்?"

விளங்கியது. அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.